கொறங்காட்டுப் புல்லுக்கு யூரியாவா, முயல் மசாலா?

கேள்வி: மூலனூர் பக்கம் 6 ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் காடு) இருக்கிறது. சரளைச் செம்மண், மானாவாரி, முழுக்கக் கொழுக்கட்டைப் புல். 3 காங்கேயம் மாடுகளும் 20 செம்மறிகளும் மேய்கின்றன. சில வருடங்களாக மழை பெய்தாலும் புல் வெளிறி, குட்டையாகவே நிற்கிறது. ஒருவர் யூரியா வீசச் சொல்கிறார். பயறு குடும்பத்துத் தீவனச் செடியான முயல் மசால் இருந்தால் உரமே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். போன ஆடியில் 5 கிலோ முயல் மசால் விதையைக் காடு முழுக்க வீசினேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. முளைத்த செடிக்குப் பக்கத்திலும் புல் பச்சை பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம்ங்க. பக்கத்துப் புல் பச்சை பிடிக்கவில்லை என்றீர்களே, முதலில் அதைப் பார்ப்போம். முயல் மசாலின் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தருவது உண்மைதான். ஆனால் அதை முதலில் எடுத்துக்கொள்வது அந்தச் செடியே. வேர் வழியாகப் புல்லுக்கு நேராகப் போவது மிகக் கொஞ்சம். இலை உதிர்ந்து மக்க வேண்டும், பழைய வேரும் முடிச்சும் அழுக வேண்டும், மாடு தின்று சாணமும் மூத்திரமும் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் புல்லுக்குக் கிடைக்கும். முதல் வருடம் புல்லில் மாற்றம் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது மழையில்தான் தெரியும்.

ஒரு டன் காய்ந்த பயறுவகைத் தீவனத்தில், காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்து ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதும் அவ்வளவுதான். ஏக்கருக்கு ஒரு டன் முயல் மசால் வளர்ந்தால், வருடத்துக்கு ஒரு மூட்டை யூரியா காட்டிலேயே விளைகிறது.

ஆனால் அது காட்டிலேயே தங்குகிறதா? நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும்: உங்கள் மாடும் ஆடும் இரவில் எங்கே அடைகின்றன? தின்ற தழைச்சத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வந்துவிடும். பகலெல்லாம் காட்டில் மேய்ந்து, இரவு வீட்டுத் தொழுவத்தில் நின்று, அந்தக் குப்பை தென்னைக்கோ தோட்டத்துக்கோ போனால், கொறங்காடு வருடா வருடம் இளைத்துக்கொண்டேதான் போகும். உங்கள் புல் வெளிறுவதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். செம்மறிகளையாவது காட்டிலேயே பட்டி போட்டு அடையுங்கள். இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை பட்டியைச் சுற்றிய படலை நகர்த்துங்கள். வெள்வேல மரத்தடியில் மட்டும் அடைத்தால் சத்தெல்லாம் அங்கேயே குவிந்துவிடும். அந்த மரமும் பயறு குடும்பம்தான், அதன் இலையும் நெற்றும் ஏற்கெனவே அந்த இடத்தை வளப்படுத்துகின்றன. புல் மிகவும் வெளிறிய மூலைக்குப் பட்டியைக் கொண்டுபோங்கள்.

யூரியா வேண்டாம் என்றே சொல்வேன். மண்ணின் மேலாக வீசி, லேசான ஈரம் மட்டும் பட்டால் கணிசமான பகுதி அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். மழையில் கரைந்து இறங்கினாலும் புல் ஒரேயடியாக ஓங்கி முயல் மசாலை நிழலடித்துவிடும், வேர் முடிச்சும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். யூரியாக் குருணையை ஆடு மாடு நக்கித் தின்றால் உயிருக்கே ஆபத்து, இதை மறக்க வேண்டாம்.

"உரமே வேண்டாம்" என்பதும் சரியில்லை. பயறுவகைக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லாமல் முடிச்சு சரியாகப் பிடிக்காது. சரளை மண்ணில் அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் விதைக்கும்போது ஏக்கருக்கு 3 மூட்டை சூப்பர் பாஸ்பேட் இடுங்கள். அதில் கந்தகமும் சேர்ந்து கிடைக்கும்.

இனி விதைப்பு. தூவி விதைக்க ஏக்கருக்கு 4 கிலோ வேண்டும். நீங்கள் போட்டது ஏக்கருக்கு ஒரு கிலோகூட இல்லை. அதோடு முயல் மசால் விதையின் தோல் மிகவும் கெட்டி. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நாலு நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையை மூன்று நான்கு நிமிடம் போட்டு எடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். ரைசோபியத்தை அதற்குப் பிறகுதான், ஆறின கஞ்சியில் கலந்து விதைமேல் பூச வேண்டும். வெந்நீருக்கு முன்னால் பூசினால் நுண்ணுயிர் அத்தனையும் செத்துப்போகும்.

ஆடி உங்கள் பகுதிக்குக் காற்று மாதம். புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரத்தில் விதையுங்கள். 6 ஏக்கரிலும் இறங்காமல் முதலில் 2 ஏக்கர் போதும். புல்லை ஒட்ட மேயவிட்டு, இடைவெளி விட்டுப் பட்டை பட்டையாக ஏர் ஓட்டி, அந்த உழவில் மட்டும் தூவி, முள்ளை இழுத்து மூடினால் போதும். அரை அங்குலத்துக்கு மேல் மண் மூடினால் முளை வெளியே வராது.

செடி ஒரு சாண் வளரும்வரை எதையும் உள்ளே விடாதீர்கள். பிறகு மாட்டை மட்டும் கொஞ்ச நேரம் விடுங்கள். புல் இளசாக இருக்கும் பருவத்தில் மாடு புல்லைத்தான் விரும்பிக் கடிக்கும், அதனால் முயல் மசாலுக்கு வெயில் கிடைக்கும். செம்மறி அடியோடு கறும்பும், அதை அந்த வருடம் அந்த 2 ஏக்கருக்குள் விடவே வேண்டாம். பூத்து விதை உதிரும்வரை காத்திருந்தால் அடுத்த மழைக்குத் தானாகவே புதுச் செடி கிளம்பும். மாடு தின்ற விதையும் சாணத்தோடு விழுந்து முளைக்கும்.

விதைத்து ஏழெட்டு வாரத்தில், மண் ஈரமாக இருக்கும்போது ஒரு செடியைப் பிடுங்காமல் தோண்டி எடுங்கள். வேரை அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் வேலை நடக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் எனக்கு எழுதுங்கள், மண் பரிசோதனை முடிவையும் சேர்த்து அனுப்புங்கள்.

இன்னொன்று: காடு முழுவதையும் ஒரே செடியை நம்பி விடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பரவலாக இருந்த ஒரு முயல் மசால் இனத்தை 1970களில் ஆந்த்ராக்னோஸ் நோய் அழித்துவிட்டது. உங்கள் காட்டில் நரிப்பயறு தானாக வந்தால் களையென்று பறிக்காதீர்கள். கரிசல் திட்டு எங்காவது இருந்தால் அங்கே முயல் மசால் தேறாது, சங்குப்பூ விதையுங்கள்.