நான்கு நாள் கம்போடியா – கடிதம்

அன்புள்ள சார்,

நானும் என் வீட்டுக்காரரும் பணி ஓய்வுக்குப் பிறகு வருடம் ஒருமுறை நாலைந்து நாள் வெளிநாடு போய் வருகிறோம். இந்த முறை ஒரு குழுவோடு கம்போடியா. சியம் ரீப்பில் தங்கி அங்கோர் வாட், பாயோன், தா புரோம், பந்தே ஸ்ரே கோயில்கள் எல்லாம் பார்த்தோம். நான் பள்ளியில் வரலாறு நடத்தியவள். அங்கோர் வாட்டில் சூரியோதயம் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. ‘இது தமிழ் மன்னன் கட்டியது’ என்று குழுத்தலைவர் சொன்னதும் எல்லோரும் கை தட்டினோம். அங்குள்ள மக்கள் எப்போதும் சிரித்த முகம், கவலையே இல்லாதவர்கள்.

என் வீட்டுக்காரர் உடன்குடிப் பக்கம், பனையேறிக் குடும்பம். பந்தே ஸ்ரே போகும் வழியில் பனஞ்சர்க்கரை காய்ச்சுகிற இடத்தில் வேன் நின்றது. இறங்கியவர் திரும்ப ஏறவே இல்லை. மொழி தெரியாமலே அங்கிருந்த அம்மாவிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். கோயில் பார்க்க நேரம் போகிறதே என்று எனக்குக் கோபம். இப்போது யார் கேட்டாலும் நான் கோயிலைச் சொல்கிறேன், அவர் பனையைச் சொல்கிறார். ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான் போனீர்களா என்று மகள் கேட்கிறாள். பயணத்தைப் பற்றி எழுத எனக்கு ஆசை. ‘நாலு நாள்ல என்னத்தக் கண்டுட்ட, எழுதி வைக்கிறதுக்கு’ என்கிறார் அவர். எழுதலாமா?

ச., தூத்துக்குடி

*

அன்புள்ள ச.,

எழுதுங்கள். தயங்கவே வேண்டாம்.

நாலு நாளில் ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது என்று உங்கள் கணவர் சொல்வது சரிதான். ஆனால் கண்ணில் பட்டதை எழுத அது போதும். 1296-ல் சீனத் தூதுக்குழுவோடு, கம்போடியாவை ஆண்ட கெமர் அரசர்களின் தலைநகரான அங்கோருக்கு வந்த சோ தாகுவான் அங்கே இருந்தது ஒரு வருடத்துக்கும் குறைவு. அந்தத் தலைநகரம் உயிரோடு இருந்தபோது நேரில் பார்த்து எழுதியதில் நமக்குக் கிடைத்திருப்பது அவருடைய குறிப்பு மட்டும்தான். மக்களின் குணம், நிறம் பற்றி அவர் சொன்ன தீர்ப்புகளை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. சந்தையைப் பற்றி எழுதியது அப்படியே நிற்கிறது. வியாபாரம் முழுக்கப் பெண்கள் கையில். காலையில் கூடி நண்பகலில் கலைந்துவிடும். கடை என்று எதுவும் கிடையாது, தரையில் பாய் விரித்துச் சரக்கைப் பரப்புவார்கள். உட்காரும் இடத்துக்கு அதிகாரிகளிடம் வாடகை கட்ட வேண்டும். பாயோன் கோயிலின் வெளிச்சுற்றுச் சுவரில் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது உங்களுக்குக் கோபம் வந்த அந்த அரை மணி நேரம்தான். அங்கோர் சூரியோதயத்தை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். பனையோடு வளர்ந்த ஒருவர் கம்போடியப் பனையைப் பார்த்ததை நான் எங்கும் படித்ததில்லை. நமக்கு அது மாநில மரம். அவர்களுக்குத் தேசிய மரம், 2005-ல் அறிவித்தார்கள். நானும் அந்தச் சாலையில் போயிருக்கிறேன். வயலுக்கு நடுவே பனைகள், ஒவ்வொன்றோடும் சேர்த்துக் கட்டிய நெட்டை மூங்கில். கணுக்களில் விட்டிருக்கும் குச்சியில் கால் வைத்து ஏறுகிறார்கள், நாம் காலில் மாட்டி ஏறும் தளைநார் கிடையாது. கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். பதநீர் புளிக்காமலிருக்க நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம். அவர்கள் குழாய்க்குள் ஒருவகை மரச்சில்லைப் போடுகிறார்கள். சாலையோர அடுப்பில் அகலமான சட்டியில் காய்ச்சி, இறுகி வரும்போது துடுப்பால் தேய்த்து, வில்லைகளாக வார்த்து, பனையோலையில் சுருட்டி விற்கிறார்கள். வாங்கி வாயில் போட்டேன், அடிநாக்கில் நம் கருப்பட்டியின் அந்தக் காரல் இல்லை.

நான் பார்த்தது அவ்வளவுதான். உங்கள் கணவர் இதற்கு மேல் பார்த்திருப்பார். பாளையை எந்த அளவுக்குச் சீவுகிறார்கள், அதை நசுக்க இடுக்கி எப்படிப் போடுகிறார்கள், பாகை எந்தப் பதத்தில் இறக்குகிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள். அந்த அம்மாவிடம் மொழியில்லாமல் என்னதான் பேசினார் என்றும் கேளுங்கள். கையால்தானே பேசியிருப்பார்? எந்த அசைவு அந்த அம்மாவுக்கு உடனே புரிந்தது, எதை அந்த அம்மா தலையாட்டி மறுத்தார்? இவ்வளவும் உங்கள் கட்டுரைக்குள் வரவேண்டும்.

கோயிலை விட்டுவிடச் சொல்லவில்லை. பந்தே ஸ்ரே 967-ல் எழுந்த சிவன் கோயில். சின்னக் கோயில், இளஞ்சிவப்புக் கல். அங்கே ஒரு கோபுர முகப்பில் சிவன் ஆடுகிறார். கீழே ஓரத்தில், மார்பு வற்றி உடல் மெலிந்த ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டும் உருவம் அது. வழிகாட்டிகள் பலரும் இதைச் சொல்வதில்லை. நீங்கள் எடுத்த படங்களில் தேடிப் பாருங்கள், கிடைத்தால் அதைப் பற்றி விரிவாக எழுதுங்கள். வரலாறு நடத்தியவருக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆனால் அந்தக் கைதட்டல் எனக்கு வருத்தமாக இருந்தது. அங்கோர் வாட்டைக் கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். அவன் கெமர் அரசன். பெயர் ‘வர்மன்’ என்று முடிந்தால் தமிழன் ஆகிவிட மாட்டான். உண்மையான தொடர்புகள் நமக்கு இருக்கின்றன. காம்போஜ அரசன், அதாவது கம்போடிய அரசன், ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பி நட்பு கேட்டதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போஜ அரசன் தந்த ஒரு கல்லை முதலாம் குலோத்துங்கன் காலத்தில் சிதம்பரம் கோயிலில் பதித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இதைச் சொல்லிப் பெருமைப்படலாம். அந்த மக்கள் கல் சுமந்து கட்டியதை நம் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமில்லை.

அப்புறம், ‘கவலையே இல்லாதவர்கள்’. இந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை போல் பாட்டின் கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். பட்டினி, நோய், ஓயாத வேலை, கொலை. நகரங்களைக் காலி செய்து எல்லோரையும் வயலுக்கு விரட்டினார்கள். பணத்தையே ஒழித்தார்கள். தலைநகர் நோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடம் சித்திரவதைச் சிறையானது. ஆசிரியராக இருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குச் சிரித்துக்கொண்டே இளநீர் வெட்டித் தந்தவருக்கு 55, 60 வயது இருந்திருந்தால், அவருடைய குழந்தைப் பருவம் அதுதான்.

தா புரோம் போகும் மர நிழல் பாதையில் சிலர் உட்கார்ந்து இசைக்கருவிகள் வாசித்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. கண்ணிவெடியில் காலை இழந்தவர்கள் அவர்கள். சிலருடைய செயற்கைக் கால் கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருக்கும். ஆட்கள் கடந்து போகும்போது அவர்களும் சிரிப்பார்கள். நீங்கள் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். நின்றீர்களா, என்ன வாசித்தார்கள், உங்கள் குழுவில் யாராவது பேச்சுக் கொடுத்தார்களா என்று ஞாபகப்படுத்தி எழுதுங்கள். நிற்காமல் போயிருந்தால் அதையும் எழுதலாம்.

பனை பற்றிய பகுதியை உங்கள் கணவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர் பேச்சு மாறாமல் இருக்கட்டும். முடித்ததும் அனுப்புங்கள், இந்தத் தளத்திலேயே வெளியிடுகிறேன்.