கவிஞர் டி.எஸ். எலியட் ‘பாழ்நிலம்’ (The Waste Land) கவிதையில் எடுத்தாளும் ‘இடி’க் கதை, அவர் குறிப்பில் சொல்லும் பிருகதாரண்யக உபநிஷதம் 5.1-இல் இல்லையே?

நீங்கள் பார்க்க வேண்டியது 5.2. அந்த உபநிஷதத்தின் ஐந்தாம் அத்தியாயம், இரண்டாம் பிராமணம் (உட்பிரிவு). ‘பாழ்நிலம்’ 1922 டிசம்பரில் நியூயார்க்கில் புத்தகமாக வந்தபோது எலியட் சேர்த்த குறிப்பில் 5, 1 என்று இருக்கிறது. உங்கள் பதிப்பில் குறையில்லை, குறிப்பில்தான் எண் பிசகு. 5.1 மிகச் சிறியது, அது முடிந்ததுமே இந்தக் கதை தொடங்குவதால் நேர்ந்திருக்கலாம்.

சரிபார்க்க: ‘பூர்ணமத:’ என்று தொடங்கினால் அது 5.1. அடுத்த பகுதியில் பிரஜாபதியிடம் தேவர், மனிதர், அசுரர் மூவரும் உபதேசம் கேட்பார்கள். இடி ‘த, த, த’ என்று முழங்குவது 5.2.3-இல்.

அந்த ‘த’வை மூவரும் மூன்று சொற்களாகப் புரிந்துகொள்கிறார்கள்; எலியட்டிடம் அவற்றின் வரிசை மாறுகிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். உபநிஷதத்தில் தம்யத (அடக்கம், தேவருக்கு), தத்த (ஈகை, மனிதருக்கு), தயத்வம் (இரக்கம், அசுரருக்கு). எலியட்டிடம் தத்த, தயத்வம், தம்யத. இதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹார்வர்டில் பேராசிரியர் லான்மனிடம் சமஸ்கிருதம் படித்தவர் அவர். மனிதருக்குச் சொன்னதை முதலில் வைத்து, ‘நாம் என்ன கொடுத்தோம்?’ என்ற கேள்வியோடு தொடங்குகிறார். பிறகு அவரவர் சிறைக்குள் சாவியை நினைத்துக்கொண்டிருப்பவர்கள், கடைசியில் தேர்ந்த கைக்கு இணங்கும் படகு. அந்த ஏற்றம் மூல வரிசையில் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள்: சில நூல்கள் 14.8.2 என்று காட்டும். அது இந்த உபநிஷதத்தை உள்ளடக்கிய வேதநூலான சதபத பிராமணத்தின் எண், பகுதி இதேதான். கட்டுரையில் எலியட் தந்த எண்ணை அப்படியே கொடுத்து, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள்.