கையை ஆட்டுற நியூரோன் (மூளை நரம்புக் கலம்) செத்துப்போனா கை அவ்வளவுதானா? மூளையில ஒரு விசயத்துக்கு ஒரு நியூரோன் எண்டா இருக்கு?

இந்தக் கேள்வியைப் பார்த்திட்டு சும்மா தள்ளிவிட ஏலாமப் போச்சு. கேட்டவர் ஏ.எல் பயோ படிக்கிற ஆளாவும் இருக்கலாம், ஆனா "அவ்வளவுதானா" எண்டு கேட்ட விதத்தைப் பார்த்தா வீட்டில ஆருக்கோ ஸ்ட்ரோக் வந்திருக்கு எண்டுதான் எனக்குப் படுது. பிழையெண்டா மன்னிச்சுக்கொள்ளுங்க. நான் டொக்டர் இல்ல, கம்பஸ்ல பயோ படிச்சிட்டு இப்ப வேற வேலை பாக்கிறன், "நீ ஆர் இதைச் சொல்ல" எண்டு வாற ஆக்கள் இதோட நிண்டுகொள்ளலாம்.

பதில்: இல்ல, ஒண்டுக்கு ஒண்டு எண்டு இல்ல. கூட்டமாத்தான் வேலை நடக்குது.

எங்கட அப்பா திருகோணமலையில கரைவலை இழுத்தவர். வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி இல்ல, கயிறு பிடிக்கிற ஆள். நாலு வருசத்துக்கு முதல் ஒரு விடியக்காலமை எழும்பேக்க வலது கை வழங்கேல்ல, வாயும் கொஞ்சம் கோணிப்போச்சு. நாங்க உடன ஓட்டோ பிடிச்சிருக்கோணும், ஆனா அம்மா தைலம் தேய்ச்சு, பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்து, பிறகு ஒரு தேத்தண்ணியும் குடிச்சு எண்டு ரெண்டு மணித்தியாலம் போச்சு. மூளைக்குப் போற பெரிய இரத்தக்குழாய் அடைச்ச ஸ்ட்ரோக்ல வைத்தியம் இல்லாமப் போற ஒவ்வொரு நிமிசத்துக்கும் 19 இலட்சம் நியூரோன் சாகும் எண்டு கணக்குப் போட்டிருக்கினம். அதை நான் படிச்சது பிறகுதான். இண்டைக்கும் அந்தத் தேத்தண்ணிதான் எனக்கு ஞாபகம் வரும்.

வாட்ல இருக்கேக்க பக்கத்துக் கட்டிலுக்கு ஆளைப் பார்க்க வந்த ஒருத்தர், கேளாமலே வந்து நிண்டு, "கையை ஆட்டுற நரம்பு செத்திட்டு ஐயா, இனி ஒண்டும் செய்ய ஏலாது" எண்டு சொல்லிட்டுப் போயிட்டார். அப்பா அதைப் பிடிச்சுக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் பிசியோதெரபி மிஸ் சொல்லிக் குடுத்த பயிற்சி ஒண்டும் செய்யமாட்டாராம். "செத்த மாட்டுக்கு ஏன் மகன் புல்லு?" எண்டு கேட்டார்.

எனக்கு வந்த கோவத்தில விறாந்தையில இருந்து கம்பஸ்ல படிச்சதெல்லாம் சொன்னன். ஜோர்ஜோபூலோஸ் எண்ட மூளை ஆராய்ச்சிக்காரரும் கூட இருந்தவையும் 1982ல குரங்குக்கு எட்டுத் திசைக்குக் கையை நீட்டப் பழக்கி, கையை அசைக்கிற மூளைப் பகுதியில நியூரோன்கள் விடுற மின்துடிப்பை ஒவ்வொண்டாப் பதிஞ்சு பார்த்திருக்கினம். கனக்க நியூரோனுக்குப் பிடிச்ச திசை எண்டு ஒண்டு இருக்கு, கை அந்தப் பக்கம் போனா துடிப்பு உச்சத்துக்கு அடிக்கும், விலக விலகக் குறையும், எதிர்ப்பக்கம் போனா நல்லா இறங்கிடும். ஆனா இடப்பக்கம் விலகினாலும் வலப்பக்கம் விலகினாலும் ஒரே அளவுதான் குறையும், அதால ஒரு நியூரோனை மட்டும் வச்சுக் கை எங்க போகுதெண்டு கண்டுபிடிக்க ஏலாது. எல்லாத்தையும் அதது பிடிச்ச திசைக்கு ஒரு அம்பாப் போட்டு, எவ்வளவு அடிக்குதோ அவ்வளவு நீளம் குடுத்துக் கூட்டினா, கடைசியா வாற அம்பு கை போற திசைக்குக் கிட்டவா வந்து நிக்குது. 1986ல முப்பரிமாணத்திலயும் இதையே காட்டினவை.

அப்பாக்கு அம்பு கிம்பு ஒண்டும் ஏறேல்ல. கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "தோணி ஏத்திற மாதிரியோ?" எண்டார். அதேதான்! தோணியைக் கரைக்கு ஏத்தேக்க ஆளாளுக்கு நிக்கிற இடத்தில இருந்துதான் தள்ளுவினம், ஒருத்தனும் தோணி போற திசைக்கே சரியாத் தள்ளுறதில்ல, ஆனா தோணி எல்லார்ட தள்ளும் சேர்ந்த பக்கம்தான் போகும். ரெண்டு பேர் காய்ச்சல் எண்டு வராட்டியும் தோணி ஏறும், கொஞ்சம் கோணலா ஏறும்.

பிறகு அவர் ஒண்டு கேட்டார், அதுக்கு எனக்கு உடன பதில் வரேல்ல. "ஒரு அலை வந்து எல்லார்ட காலையும் ஒண்டா வாரினா, நாப்பது பேர் நிண்டென்ன?" எண்டு. இது சின்னக் கேள்வி இல்ல. நியூரோன் ஒவ்வொண்டும் தன்ட பாட்டில பிழை விட்டாத்தான் கூட்டேக்க பிழை அடிபட்டுப் போகும். ஒண்டாச் சேர்ந்து பிழை விட்டா கூட்டினாலும் போகாது. 1994ல சொஹாரி, ஷாட்லன், நியூசம் எண்ட மூண்டு ஆராய்ச்சிக்காரர் குரங்கின்ட பார்வைப் பகுதியில இதை அளந்து, நியூரோன்கள் பிழை விடுறதில இருந்த சின்ன ஒற்றுமையே கூட்டுறதின்ட பலனைக் குறைக்கக் காணும், ஒரு நூறுக்கு மேல எவ்வளவு சேர்த்தாலும் பெரிசா லாபமில்ல எண்டு சொன்னவை. பிறகு வந்தவை, எந்த மாதிரிச் சேர்ந்து பிழை விடுது எண்டதைப் பொறுத்தது எண்டு அதோட சண்டை. எட்டாம் வகுப்போட கடலுக்குப் போன மனிசன் விறாந்தையில இருந்து கேட்ட கேள்வி இது.

இப்ப ஒருத்தர் வருவார், "ஜெனிபர் அனிஸ்டன் நியூரோன் தெரியாதோ" எண்டு. தெரியும். 2005ல வலிப்பு நோயாளிகளுக்கு மூளையில எலெக்ட்ரோட் எண்ட மெல்லிய கம்பி வச்சேக்க, ஒரு நியூரோன் அந்த நடிகைட படங்களுக்கு மட்டும் அடிச்சது. ஆனா அவவோட நடிச்ச லீசா குட்ரோவுக்கும் அது அடிச்சதைப் பிறகு பார்த்தவை. அதோட 86 பில்லியன் நியூரோன்ல அனிஸ்டனுக்கு ஒண்டே ஒண்டு எண்டா, கொஞ்ச நேரத்தில கொஞ்ச நியூரோனைப் பதியேக்க அதிலயே போய்க் கம்பி குத்துமோ? அப்பிடிக் கன நியூரோன் இருந்தபடியாத்தான் ஒண்டு ஆம்பிட்டது.

ஒரு விசயத்துக்கு ஒரு நியூரோன் எண்டா அது இப்ப கரைவலை இழுக்கிற சில கரைகளில நிக்கிற உழவு மெசின் மாதிரி. நாப்பது பேர் அம்பா எண்ட வலை இழுக்கிற பாட்டுப் பாடி இழுத்த வலையை வின்ச் பூட்டி ஒரு மெசின் இழுக்குது. அது பழுதானா வலை கடலுக்கையே கிடக்கும், மீனும் அழுகும், ஆளைக் கூப்பிட்டா ஆள் இல்ல, பெடியள் எல்லாம் கட்டாருக்குப் போயிட்டாங்க. மிச்சக் கரையில ஹோட்டல் கதிரை. வெள்ளைக்காரன் படுத்திருக்கிற இடத்தில கயிறு போடக்கூடாதாம், முப்பது வருசமா அந்த மணலில இழுத்த ஆளுக்குச் சொல்றாங்க. சரி, அதை விடுவம்.

அடுத்த நாளில இருந்து அப்பா பயிற்சி செய்யத் தொடங்கினார். என்ட கதையாலதான் எண்டு சொல்லமாட்டன், அம்மாட ஏச்சும் இருந்தது. செத்த நியூரோன் திரும்பி வரேல்ல, சுத்தி மிஞ்சினதும் வேற வழிகளும் கொஞ்சம் கொஞ்சமா அந்த வேலையை எடுத்துக்கொள்ளும், அதுக்குத்தான் பயிற்சி. எல்லாருக்கும் இப்பிடி வரும் எண்டு நான் சொல்லேல்ல, தோணியடியில நிண்ட ஆக்கள் முழுக்கப் போயிட்டா ஆர் தள்ளுறது. அப்பாக்கு இப்ப சேட் பொத்தான் பூட்ட ஏலும், சோறு பிசைஞ்சு சாப்பிட ஏலும். வலை பொத்த ஏலாது, ஊசி கையில நிக்குதில்ல.

உங்கட வீட்டு ஆளுக்கு எத்தனை நாளாச்சு, எந்தப் பக்கம் எண்டு கீழ எழுதுங்க, எங்களுக்கு மிஸ் சொல்லித் தந்த பயிற்சி என்னெண்டு சொல்றன். ஆனா அதைச் செய்ய முதல் உங்கட டொக்டரிட்டக் காட்டுங்க.