விட்டதைப் பிடிக்க மிச்ச நகையையும் அடகு வைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி நிறுவனக் கணக்காளராக இருக்கிறேன். சம்பளம் 38,000 ரூபாய். யூடியூபில் தினமும் லாபம் காட்டும் ஒருவரிடம் 25,000 கட்டி, பங்குச் சந்தையில் விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் போடும் ஆப்ஷன் டிரேடிங் கற்றேன். ஏழு மாதத்தில் 2.6 லட்சம் போய்விட்டது. அதில் 1.8 லட்சம் மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியது. முழுத் தொகை அவருக்குத் தெரியாது. மிச்ச நகைக்கு 3 லட்சம் கிடைக்கும். அதைப் போட்டால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்கிறார் பயிற்சியாளர். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

நீங்கள் கணக்காளர், நீங்களே போட்டுப் பாருங்கள். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் பழைய கடனுக்கு 1,800, புதியதற்கு 3,000. ஒரு வருடத்தில் 2.6 லட்சத்தை மீட்க மாதம் சுமார் 21,700. ஆக 26,500 ரூபாய். 3 லட்சத்தை வைத்து மாதாமாதம், ஒருமுறைகூடத் தவறாமல், கிட்டத்தட்ட 9 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில், அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் டிரேடிங்கில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். தலைக்குச் சராசரியாக 2 லட்சம். நீங்கள் மட்டும் தோற்கவில்லை.

லாபத்தைக் காட்டும் அந்தப் பச்சை நிற ஸ்கிரீன்ஷாட்டுகளைத்தான் நீங்கள் நம்பினீர்கள். நேற்றைய சிவப்பு, அதாவது நஷ்டம், அதில் இருக்காது, இன்னொரு கணக்கில் போனதும் இருக்காது. 'பாப் ஆஃப் சார்ட்' என்ற சேனலை நடத்தியவர் மீது செபி 2023 அக்டோபரில் இடைக்கால உத்தரவு போட்டது. லாபத்தை மட்டும் காட்டிவந்த அவர், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை சொந்த டிரேடிங்கில் கிட்டத்தட்ட 2.9 கோடி இழந்திருந்தார் என்கிறது அந்த உத்தரவு. வகுப்புக் கட்டணம் போன்றவற்றில் வசூலான 17 கோடிக்கு மேல் தனிக்கணக்கில் கட்டச் சொன்னார்கள். வருமானம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் பயிற்சியாளரின் வீடியோவுக்குக் கீழே பங்கு வாங்கி வைக்கும் டிமேட் கணக்கு திறக்கும் லிங்க் இருந்தால், அதற்கும் பெரும்பாலும் கமிஷன் உண்டு. நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்குப் பணம் வந்துவிடும்.

சரி, இனி என்ன செய்வது? இன்றே புரோக்கர் ஆப்பில் எஃப் அண்ட் ஓ பிரிவை நிறுத்துங்கள். வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மாதம் 10,000 கட்டினால் சுமார் 20 மாதத்தில் நகை வீடு திரும்பும். சிரமம்தான், ஆனால் உங்கள் சம்பளத்தில் முடியும். அப்புறம், ஆப்பில் லாப நஷ்ட அறிக்கையை இறக்கி, இன்று இரவே மனைவியிடம் காட்டுங்கள். நகை அவருடையது.