உதட்டுக்குள் ஒளித்தது

அன்புள்ள அம்மாவுக்கு,

கல்லூரிக் காலத்திலிருந்து சிகரெட் பிடிக்கிறேன். துபாயிலிருந்து வந்த நண்பன் நிகோடின் பவுச் டப்பா ஒன்றைக் கொடுத்தான். உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒன்றை மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் அரை மணி நேரம் ஓடுகிறது. புகை இல்லை, நாற்றம் இல்லை, மனைவிக்குத் தெரியாது, துப்பவும் வேண்டாம். நாளுக்குப் பத்தாக இருந்த சிகரெட் நான்காகிவிட்டது. இதில் புகையிலையே கிடையாது. உதட்டில் அடக்கும் கூல் லிப் புகையிலைப் பொட்டலம் போன்றதல்ல. ஸ்வீடனில் இப்படித்தான் சிகரெட்டை ஒழித்தார்களாம். நான் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாமா?

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

சொல்லிக்கொள்ளக் கூடாது. நான்கு சிகரெட் பிடிப்பவர் சிகரெட் பிடிப்பவர்தான். நாளுக்கு 20 பிடிப்பவருக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் வரும் கூடுதல் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் உண்டு என்று 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. பவுச் சிகரெட்டின் இடத்தை முழுதாக எடுத்துக்கொண்டால்தான் அது மாற்று. இப்போது உங்களிடம் இருப்பது இரண்டு பழக்கங்கள்.

கூல் லிப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதில் இருப்பது புகையிலை. உங்கள் பவுச்சில் தாவர நார், நிகோடின் உப்பு, இனிப்பு, புதினா வாசனை. எதுவும் எரிவதில்லை, அதனால் புகையோடு வரும் தார் என்னும் கரும்பிசினும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் இல்லை. மக்கள் நிகோடினுக்காகப் புகைக்கிறார்கள், தாரினால் சாகிறார்கள் என்று லண்டன் மருத்துவர் மைக்கேல் ரசல் 1976-லேயே எழுதிவிட்டார். நிகோடின் இரத்த அழுத்தத்தை ஏற்றும், நாடித் துடிப்பைக் கூட்டும், ஆளை அடிமையாக்கும். ஆனாலும் சிகரெட்டை விடத் தீங்கு குறைவு. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நம் ஊர்ப் பிரசாரகர்களுக்கு ஏன் வாய் வருவதில்லை என்று எனக்கு விளங்கியதே இல்லை. ஆனால் பள்ளிப் பையனின் கண்ணுக்கு இரண்டு பொட்டலமும் ஒன்றுதான். பள்ளிகளில் கூல் லிப் புழங்குவதைப் பற்றி 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலைப்பட்டதை மறக்க வேண்டாம்.

ஸ்வீடன் கதையை அரைகுறையாகக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே ஆண்களிடம் சிகரெட்டின் இடத்தைப் பிடித்தது ஸ்னூஸ் என்னும் ஈரப் புகையிலை. இந்த வெள்ளைப் பவுச் நேற்று வந்தது. அந்த நாட்டிலிருந்து எனக்குப் பிடித்த கதை வேறு. 1967-இல் லுண்ட் நகரத்து உடலியலாளர் க்ளாஸ் லுண்ட்கிரென், மருந்து நிறுவனம் ஒன்றில் இருந்த ஊவெ ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க வழியில்லாத மாலுமிகள் வாயில் புகையிலையை அடக்கிச் சமாளிக்கிறார்கள் என்றார். நிகோடின் சூயிங்கம் அதிலிருந்து பிறந்தது. ஒரு கடிதம் எவ்வளவு செய்யும், பாருங்கள்! உங்களுடையதும் நல்ல கடிதம்தான், இரண்டு சொற்களைத் தவிர.

"மனைவிக்குத் தெரியாது." இதை நாற்றமின்மைக்கும் துப்பாமைக்கும் நடுவே ஒரு வசதியாகச் செருகியிருக்கிறீர்கள்.

என் பெரியம்மா புகையிலை அடக்குவார். சங்கரன்கோவில் வீட்டில் பெரியப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து புறவாசலுக்குப் போய்விடுவார். வாய் கொப்பளித்துவிட்டுத்தான் திரும்புவார். பிள்ளைகளான எங்களுக்குத் தெரியும், சொல்லக் கூடாது என்பதும் தெரியும். கன்னத்தின் உள்ளே புண் வந்தபோது அதைக் காட்ட வேண்டுமானால் புகையிலையையும் சொல்லியாக வேண்டும். அவர் உப்புத் தண்ணீரையும் கிராம்பையும் நம்பி மாதக்கணக்கில் ஓட்டினார். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனபோது தாடை வரைக்கும் பரவியிருந்தது. எத்தனை வருடப் பழக்கம் என்று மருத்துவர் கேட்டதற்கு, பதில் சொல்லும் முன் பெரியம்மா பெரியப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார். எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை, யார் மேல் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

பவுச்சினால் உங்களுக்கும் அந்தப் புண் வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. நான் பேசுவது ஒளிப்பதைப் பற்றி. சிகரெட்டுக்கு எழுந்து வெளியே போக வேண்டும், மழையில் நிற்க வேண்டும், சட்டை நாறும், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவை ஒவ்வொன்றும் ஒரு தடை. பவுச் எல்லாத் தடைகளையும் எடுத்துவிடுகிறது. கூட்டத்தில் வைக்கலாம், பஸ்ஸில் வைக்கலாம், படுக்கையில் வைக்கலாம், துக்க வீட்டிலும் வைக்கலாம். யாரும் பார்க்காததை யாரும் எண்ணுவதில்லை, நீங்கள் உட்பட. கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள்: சிகரெட் பத்து, பிறகு நான்கு என்று கணக்குச் சொன்ன மனிதர், நாளுக்கு எத்தனை பவுச் என்று எழுதவே இல்லை. ஒரு பவுச்சில் எத்தனை மில்லிகிராம் என்றும் இல்லை. டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பார்களே, படிக்கவில்லையா?

விற்பவர்களுக்கும் அந்தக் கணக்கு குறைவதில் அக்கறை கிடையாது. ஸின் பவுச்சைச் செய்யும் ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனத்தை 2022-இல் வாங்கியது, மார்ல்பரோ விற்கும் ஃபிலிப் மாரிஸ் இன்டர்நேஷனல். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு ஸின் வகைகள் 20-க்கு அனுமதி கொடுத்தபோதும் இவை பாதுகாப்பானவை என்று சொல்லவில்லை. பெல்ஜியம் 2023-லேயே பவுச்சைத் தடை செய்துவிட்டது. அரசியல் போகட்டும்.

முதலில் அந்த நான்கு சிகரெட்டை நிறுத்துங்கள். பவுச் உதவினால் உதவட்டும், அதற்கு ஒரு கடைசித் தேதி வையுங்கள். மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் கிடைக்கும்; படிப்படியாகக் குறைத்து வெளியேறவே அதைச் செய்தார்கள். புகையிலையை விட உதவும் தேசிய எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. டப்பாவை இன்றிரவே சாப்பாட்டு மேஜையில் வைத்துவிடுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த கடிதத்தில் பவுச் கணக்கு வர வேண்டும். அதன் கீழே உங்கள் மனைவியும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

அன்புடன்