ஸ்பானிய மொழியில் ஒன்றோடொன்று குழம்பும் சொற்களைத் தமிழர் எப்படிப் பிரித்தறிவது?

பெரும்பாலான பாடநூல்கள் இச்சொற்களை ஆங்கிலத்தின் வழியாகவே விளக்குகின்றன. தமிழ் பேசுபவருக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை என்பதே என் கருத்து. சில இணைகளில் ஸ்பானியம் காட்டும் வேறுபாடு தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. வேறு சிலவற்றிலோ, தமிழே குழப்பத்தை உண்டாக்கிவிடுகிறது. ஆகவே எந்த இணையைக் கற்றாலும், இங்கே தமிழ் கைகொடுக்கிறதா அல்லது காலை வாருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

கைகொடுக்கும் இடங்களில் முதன்மையானது, இருத்தலைக் குறிக்கும் செர், எஸ்தார் என்னும் இரு வினைகளின் இணை. நிலையானதற்குச் செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று பரவலாகச் சொல்லித்தரப்படும் விதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இறப்பைவிட நிலையானது எதுவும் இல்லை. ஆயினும் ஒருவர் இறந்துவிட்டார் என்பதை 'எஸ்தா முவெர்த்தோ' என்றுதான் சொல்கிறார்கள். மத்ரித் நகரம் இடம்பெயரப் போவதில்லை. ஆனாலும் அது ஸ்பெயினில் இருக்கிறது என்பதற்கு எஸ்தார்தான் வரும். நிற்றலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த எஸ்தார், ஒன்று எங்கே, எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சொல்கிறது. செர், ஒன்று எது, எத்தகையது என்பதைச் சொல்கிறது.

இப்போது தமிழ் வாக்கியங்களைக் கவனியுங்கள். 'அவர் மருத்துவர்', 'மணி மூன்று', 'இது என் புத்தகம்' என வினையே இல்லாமல் முடியும் வாக்கியங்களுக்குச் செர் வருகிறது. 'அவர் வீட்டில் இருக்கிறார்', 'கதவு திறந்திருக்கிறது' என 'இரு' என்னும் வினையை நாடும் வாக்கியங்களுக்குப் பெரும்பாலும் எஸ்தார் வருகிறது. லிஸ்தோ என்ற பெயரடை இதை அழகாகக் காட்டும்: 'எஸ் லிஸ்தோ' (செர்) என்றால் அவன் கெட்டிக்காரன், 'எஸ்தா லிஸ்தோ' (எஸ்தார்) என்றால் அவன் தயாராக இருக்கிறான். இந்த உத்திக்கு எல்லையும் உண்டு. 'வீடு பெரிதாக இருக்கிறது' என்றும் நாம் சொல்வோம். அதைப் பொருள் மாறாமல் 'வீடு பெரியது' என்று சுருக்க முடியுமானால் செர் என்று கொள்ள வேண்டும். நிகழ்ச்சிகளின் இடத்தைச் சொல்லும்போதும் செர்தான்; நூலகம் எங்கே இருக்கிறது என்பதற்கு எஸ்தார், கூட்டம் எங்கே நடக்கிறது என்பதற்குச் செர்.

எஸ்தாரோடு குழம்பும் இன்னொரு சொல் 'ஆய்'. 'மேசைமேல் ஒரு புத்தகம் இருக்கிறது' என்பதற்கு ஆய், 'புத்தகம் மேசைமேல் இருக்கிறது' என்பதற்கு எஸ்தார். முதல் வாக்கியம் புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்துகிறது. இரண்டாவது, முன்பே அறிந்த ஒன்றின் இடத்தைச் சொல்கிறது. தமிழ் இந்த வேறுபாட்டைச் சொல்வரிசையால் காட்டுகிறது, அவ்வளவுதான்.

காலை வாரும் சொற்களில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 'கேள்'. மணி என்ன என்று கேட்கிறோம், உதவி கேட்கிறோம், பாட்டும் கேட்கிறோம். ஸ்பானியத்தில் இவை முறையே பிரெகுந்தார், பெதீர், எஸ்குச்சார் என்று மூன்று வினைகளாகின்றன. மூன்றாவதில் குழப்பம் வருவது அரிது, முதலிரண்டில்தான் சிக்கல். நீங்கள் எதிர்பார்ப்பது பதிலா, அல்லது ஒரு பொருளோ செயலோவா என்று பார்த்தால் போதும்: பதில் என்றால் பிரெகுந்தார், மற்றவற்றுக்குப் பெதீர். உதவி வேண்டும்போது பிரெகுந்தார் என்று சொல்வது, உதவி என்றால் என்னவென்று விசாரிப்பதுபோல் ஒலிக்கும்.

'தெரியும்' என்பதும் இப்படித்தான். தகவல் தெரிவதும் நீந்தத் தெரிவதும் சபேர். ஒருவரையோ ஓர் ஊரையோ பழக்கத்தால் தெரிந்திருப்பது கொனோசேர். கடந்தகாலத்தில் இவற்றின் பொருள் சற்று நகர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'சுப்பே' என்றால் பெரும்பாலும் 'தெரியவந்தது' என்றும், 'கொனோசீ' என்றால் 'முதன்முதலாகச் சந்தித்தேன்' என்றும் பொருள்படும்.

வருவதும் போவதும் இன்னும் வேடிக்கையானவை. யாராவது அழைத்தால் நாம் 'இதோ வருகிறேன்' என்போம். ஸ்பானியர் 'யா போய்' என்பர், அதாவது போகிறேன் என்பர். (எழுத்தில் அது வேறாக இருந்தாலும் காதுக்கு நம் 'போய்' போலவே விழுவதால் மனத்தில் பதிய எளிது, முதல் ஒலியை மட்டும் 'பஸ்' என்பதில் வருவதுபோல் மென்மையாக ஒலிக்க வேண்டும்.) அவர்களுக்குப் பேசுபவர் நிற்கும் இடமே அளவுகோல்: அங்கிருந்து விலகினால் போவது, அங்கே வந்து சேர்ந்தால்தான் வருவது. எனவே நண்பரிடம் தொலைபேசியில் 'உன் புத்தகத்தைக் கொண்டு வருகிறேன்' என்று சொல்ல நினைத்தால், கொண்டு வருவதைக் குறிக்கும் திரயேர் வராது, கொண்டு போவதைக் குறிக்கும் யெபார்தான் வரும்.

போர், பாரா என்னும் முன்னிடைச் சொற்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்: பாரா முன்னோக்கிப் பார்க்கும் சொல், நோக்கம், பெறுபவர், சேருமிடம், கெடு ஆகியவற்றுக்கு அது உரியது, போர் காரணம், வழி, விலை, பதிலீடு ஆகியவற்றுக்கு உரியது. இங்கே நம்மைத் தடுமாற வைப்பது '-க்காக' என்னும் உருபு. 'உனக்காகச் செய்தேன்' என்பதற்கு, செய்து உன்னிடம் தரப்போகிறேன் என்று பொருளானால் பாரா. உன் பொருட்டோ உனக்குப் பதிலாகவோ செய்தேன் என்று பொருளானால் போர்.

ஒலியால் குழம்பும் சொற்களைக் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவைக்காதீர்கள். முத்தத்தைக் குறிக்கும் சொல்லும் எடையைக் குறிக்கும் சொல்லும் தமிழில் ஒரே 'பேசோ'வாகிவிடும்; முதல் மெய்யின் வேறுபாட்டை நம் எழுத்து காட்டாது. ரோமன் எழுத்தில் எழுதும்போது உயிரெழுத்தின் மேலுள்ள சாய்குறியையும் விடாமல் எழுதுங்கள், ஏனெனில் 'ஆம்' என்பதையும் 'வந்தால்', 'செய்தால்' என்பவற்றில் உள்ள நிபந்தனைப் பொருளைத் தரும் சொல்லையும் அக்குறி ஒன்றே பிரிக்கிறது. விதிவிலக்கு 'சோலோ': அது 'தனியாக' என்றும் 'மட்டும்' என்றும் பொருள்படும். முன்பு இரண்டாம் பொருளில் குறியிடுவது வழக்கம். அது தேவையில்லை என்று, ஸ்பானிய மொழிக்கு விதி வகுக்கும் அமைப்பான ஸ்பானிய அரச அகாடமி 2010இல் வெளிவந்த எழுத்திலக்கணத்தில் கூறியது. பொருள் மயக்கம் உண்டென்று எழுதுபவர் கருதினால் குறியிடலாம் என்று 2023இல் தெளிவுபடுத்தியது. எனவே 'ஞாயிறு மட்டும் வேலை செய்கிறேன்' என்பது 'ஞாயிறன்று தனியாக வேலை செய்கிறேன்' என்று படிக்கப்படக்கூடிய இடத்தில் குறியிடுங்கள். மற்ற இடங்களில் இல்லாமலே எழுதலாம்.