வெண்புள்ளிக்கு ஒளி சிகிச்சை: யாருக்கு நிறம் திரும்பும்?

ஒளி சிகிச்சை எடுத்தால் எனக்குக் குணமாகுமா? (வாசகர், கரூர்)

புள்ளி எங்கே இருக்கிறது, எத்தனை வருடமாக இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. இது தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. முகம், கழுத்து என்றால் தைரியமாகத் தொடங்கலாம். விரல் நுனி, பாதம் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

புள்ளிமேல் இருக்கும் முடியும் வெளுத்துவிட்டது. (வாசகி, தேனி)

நிறம் பெரும்பாலும் மயிர்க்காலில் மிஞ்சியிருக்கும் நிறமிச் செல்களிலிருந்துதான் திரும்புகிறது. முடியும் வெளுத்தால் அந்தச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். விரல் நுனி தேறாததும் இதனால்தான். அங்கே முடியே கிடையாது. கறுப்பு முடி மிச்சமிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

2 மாதம், 16 சிட்டிங் போனேன். கன்னத்தில் மாற்றமே இல்லை, நிறுத்திவிட்டேன். கார்போகரிசி எண்ணெய் தடவி வெயிலில் நிற்கலாமா? (வாசகர், திருப்பூர்)

மாதாமாதம் இப்படி ஒரு கடிதம் வருகிறது. ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது. நேரோபேண்ட் யூவிபி (புற ஊதாக் கதிரின் ஒரு குறுகிய பகுதியை மட்டும் தோலில் பாய்ச்சும் ஒளி சிகிச்சை) வாரம் 2, 3 முறை வீதம் 6 மாதம் போகாமல் பலனில்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு வருடம் தொடர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு முக்கால் பங்கு நிறம் திரும்புகிறது. முகம், கழுத்தில் இன்னும் அதிகம். உங்களைப் போலவே நிறுத்திவிட்டு வந்த ஒரு சத்துணவு ஊழியரின் கன்னத்தை லென்ஸில் பார்த்தேன். மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகைவிடச் சிறிய பழுப்புப் புள்ளிகள் ஏழெட்டு. நிறம் வரத் தொடங்கியிருந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை. மாதம் ஒரு போட்டோ, ஒரே வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். கண்ணாடி பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கார்போகரிசியில் சோரலென் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் தோலை எளிதில் புண்ணாக்கும் பொருள் அது. அளவில்லாமல் தடவி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கும். வெந்த இடத்திலேயே புதுப் புள்ளி கிளம்பவும் கூடும். வேண்டவே வேண்டாம்.

ஒரு பக்க நெற்றியில் மட்டும் 3 வருடமாக அப்படியே இருக்கிறது. (வாசகர், விருதுநகர்)

ஒரு பக்கத்தோடு நிற்கும் வகைக்கு, நாளானபின் ஒளி அவ்வளவாக உதவாது. ஒரு வருடத்துக்கு மேல் பரவாமல் இருந்தால் தோல் ஒட்டு சிகிச்சை பற்றிக் கேளுங்கள். நல்ல பலன் தரும்.

கர்ப்பமாக இருக்கிறேன், தொடரலாமா? (வாசகி, சேலம்)

நேரோபேண்ட் என்றால் தொடரலாம். சோரலென் மாத்திரை கூடாது. ஃபோலிக் அமிலத்தை விடாதீர்கள்.

நிறம் வந்தபின் மறுபடி வெளுக்குமா? (வாசகர், மதுரை)

நிறுத்திய ஒரு வருடத்துக்குள் 10 பேரில் 4 பேருக்கு வெளுக்கலாம். வாரம் இரண்டு முறை டாக்ரோலிமஸ் களிம்பு தடவினால் அது வெகுவாகக் குறையும். உங்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயமா? (வாசகர், தஞ்சாவூர்)

ஒரு சிட்டிங்கில்கூடக் கழற்றக் கூடாது. சாதாரணக் கூலிங்கிளாஸ் போதாது, யூவி தடுக்கும் கண்ணாடிதான் வேண்டும்.